கட்டாயப் பாடம் யாரைக் கட்டும்?

கேரளத்தின் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு அட்டவணையை ஊன்றிப் படிப்பவர்கள் குறைவு. தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு மடித்து வைத்துவிடுவார்கள். அதில் ‘முதல் மொழி, பாகம் ஒன்று’ என்றொரு வரி உண்டு. மலையாளம், தமிழ், கன்னடம், உருது, குஜராத்தி, அரபி, சமஸ்கிருதம், கூடுதல் ஆங்கிலம், கூடுதல் இந்தி என்று நீளும். மேற்குக் கரையின் தென்கோடி மாநிலத்துப் பத்தாம் வகுப்புத் தேர்வில் குஜராத்திக்கு என்ன வேலை என்று கேட்பவர் கொச்சியின் மட்டாஞ்சேரிக்கு வரவேண்டும். மிளகும் சுக்கும் வாங்கி விற்க வந்து இங்கேயே தங்கிவிட்ட குஜராத்தி வணிகக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்காக ஒரு வித்யாலயம் நடத்துகின்றன. அட்டவணையில் அந்த மொழி இருப்பதற்கு அது போதும்.

அதே மட்டாஞ்சேரியில் குஜராத்தி பேசுபவர்களைவிடக் கொங்கணி பேசுபவர்கள் பல மடங்கு அதிகம். திருமலை தேவஸ்வம் கோயிலும் அதைச் சுற்றிய தெருக்களும் அவர்களுடையவை. 1992இல் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் கொங்கணி இடம்பெற்றது; தேர்வு அட்டவணையில் அதைக் காணோம். ஃபோர்ட் கொச்சியின் வேளிப் பகுதியில் தோபிகானா என்ற சலவைத்துறையை நடத்தும் தமிழ்க் குடும்பங்களின் நிலை வேறு. அவர்களின் மொழி அட்டவணையில் இருக்கிறது. ஆனால் அது இடுக்கி, பாலக்காடு, திருவனந்தபுரம் மாவட்டங்களின் தமிழ்வழிப் பள்ளிகளுக்காக வந்து உட்கார்ந்த இடம். வேளிப் பிள்ளைகள் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமோ ஆங்கிலமோ என்று வளர்கிறார்கள். ஆக, ஒரு மொழி பாடமாவதை அதைப் பேசுவோரின் தொகை தீர்மானிப்பதில்லை. பள்ளி நடத்தும் வசதியும் ஆசிரியர் பணியிடத்தைக் கேட்டு வாங்கும் வலுவும் யாருக்கு இருந்தன என்பதுதான் தீர்மானிக்கிறது.

இந்தக் கட்டுரை அங்கிருந்துதான் தொடங்குகிறது. பள்ளியிலும் கல்லூரியிலும் ‘இதை எல்லாரும் படித்தே ஆகவேண்டும்’ என்ற முடிவை யார், எதை வைத்து எடுக்கிறார்கள்? கல்விக் குழு அறிக்கைகள் இதற்கு அழகான விடைகள் வைத்திருக்கின்றன: குடிமைப் பண்பு, விமர்சனச் சிந்தனை, வேலைவாய்ப்பு. நடந்த கதைகளைப் பார்த்தால் விடை கொஞ்சம் முரடாக இருக்கிறது.

மட்டாஞ்சேரியிலிருந்து தோப்பும்படி, பள்ளுருத்தி, பெரும்படப்பு வழியாகத் தெற்கே போனால் இடக்கொச்சி. கொச்சி மாநகராட்சியின் ஓரம். காயல் பாலத்தைத் தாண்டினால் அரூர். இறால் பதப்படுத்தி ஏற்றுமதி செய்யும் ஆலைகளின் ஊர். மேற்கே கும்பளங்கி. நடுவில் உப்புநீர் ஏறி இறங்கும் வயல்கள். இந்த ஊரில் கொச்சி மறைமாவட்டம் 1981இல் தொடங்கிய கல்லூரிக்குப் புனித தாமஸ் அக்வினாஸின் பெயர். கோட்டயத்தின் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி அது. அக்வினாஸ் 1239 வாக்கில் நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கச் சேர்ந்தபோது பாடத் தேர்வு என்ற தொல்லையே கிடையாது. இலக்கணம், தருக்கம், பேச்சுக்கலை என மூன்று. எண்கணிதம், வடிவியல், வானியல், இசை என நான்கு. ஐரோப்பா முழுக்க இந்த ஏழுதான் அடித்தளம். நம் திண்ணைப் பள்ளியிலும் அப்படியே. அரிச்சுவடி, எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்று வரிசை மாறாது, மனப்பாடமும் மாறாது. ஒரு வேறுபாடு முக்கியம். நெல்லிலக்கம் படித்த பையன் களத்துமேட்டில் போய் அதைப் பயன்படுத்தினான். பாடமும் ஊரும் ஒன்றையொன்று அறிந்திருந்தன. யார் அந்தத் திண்ணையில் உட்காரலாம் என்பதைச் சாதி முடிவு செய்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். இல்லாவிட்டால் பழம்பெருமை பேசியதாகிவிடும்.

கொச்சி ராச்சியத்தில் ஆங்கிலக் கல்வி தொடங்கிய இடமும் மட்டாஞ்சேரிதான். டாசன் என்ற பாதிரியார் 1818இல் இங்கே ஒரு பள்ளி திறந்தார். எர்ணாகுளத்தில் 1845இல் அரசு தொடங்கிய ஆரம்ப ஆங்கிலப் பள்ளி 1875இல் கல்லூரியாக உயர்ந்தது. இன்றைய மகாராஜாஸ் அதுதான். கல்லூரியானதும் பாடங்களைச் சென்னைப் பல்கலைக்கழகம் முடிவுசெய்தது. எர்ணாகுளத்து மாணவன் என்ன படிக்கவேண்டும் என்பதைச் சேப்பாக்கம் தீர்மானித்த காலம் அது. இந்த ஏற்பாடு இன்றும் வேறு வடிவில் தொடர்கிறது. இணைப்புக் கல்லூரி பாடம் நடத்தும். பாடத்திட்டம் வேறெங்கோ எழுதப்படும். அந்தச் சென்னைப் பல்கலைக்கழகமே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாய்மொழிப் பாடத்தைக் கட்டாய நிலையிலிருந்து இறக்க முனைந்தபோது பரிதிமாற்கலைஞரும் மு.சி. பூரணலிங்கம் பிள்ளையும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தைத் துணைக்கழைத்துப் போராடியது தமிழ் வாசகர்கள் அறிந்ததே.

மொழிதான் கட்டாயப் பாடங்களில் மூத்தது. சண்டைக்கும் அதுவே மூத்தது. ராஜாஜி அரசு 1938இல் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதும் 1940இல் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டதும் தமிழ்நாட்டு அரசியலின் திசையையே மாற்றின. பிறகு கட்டாயம் நம் பக்கமிருந்து வந்தது. 2006இல் இயற்றிய தமிழ் கற்றல் சட்டம் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16இல் பத்தாம் வகுப்பைத் தொட்டது. ஓசூரிலும் திருத்தணியிலும் தெலுங்கு, கன்னடம் படித்த பிள்ளைகள் நீதிமன்றம் போனார்கள். விலக்கு ஒவ்வோர் ஆண்டாக நீண்டது. 2023இல் உச்ச நீதிமன்றமும் ஓராண்டு விலக்கு தந்தது. கேரளம் 2017இல் மலையாளத்தைப் பத்தாம் வகுப்புவரை எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயமாக்கியது. சி.பி.எஸ்.இ., ஐ.சி.எஸ்.இ. பள்ளிகளும் தப்ப முடியாது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். காசர்கோட்டில் கன்னடர்கள் கொதித்தார்கள். சென்னையில் தமிழைக் கட்டாயமாக்கியபோது கைதட்டிய தமிழர், மூணாறு தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கு மலையாளம் கட்டாயமாகும்போது முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு சட்டங்களின் தர்க்கமும் ஒன்றுதான். வாழும் மண்ணின் மொழி தெரியாமல் ஒரு பிள்ளை பள்ளியை விட்டு வெளியேறக் கூடாது என்பது நியாயமான கோரிக்கை. நான் அதன் பக்கம்.

ஆனால் கோரிக்கை யார்மேல்? கொச்சியில் இது ஏட்டுக் கேள்வி இல்லை. ஒடிசா, வங்காளம், அசாம், பீகார் என்று பல இடங்களிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் எர்ணாகுளம் மாவட்ட அரசுப் பள்ளிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆசிரியை சொல்வது அவர்களுக்குப் புரியாது. அவர்கள் சொல்வது ஆசிரியைக்குப் புரியாது. இவர்களுக்கு எப்படிக் கற்பிப்பது என்பதற்குச் சட்டம் வழி சொல்லவில்லை. வழி சொன்னது 2017இல் மாவட்ட நிர்வாகம் தொடங்கிய ரோஷ்ணி திட்டம். பினானிபுரம் அரசு உயர்நிலைப் பள்ளியில் முளைத்தது அது. பிள்ளைகளின் மொழி தெரிந்த கல்வித் தன்னார்வலர் ஒருவர் காலையில் முன்கூட்டியே வந்து, அவர்கள் மொழியைப் படியாக வைத்து மலையாளத்துக்கு ஏற்றிவிடுவார். பசியோடு வரும் பிள்ளைக்குக் காலை உணவும் உண்டு. கட்டாய மொழிச் சட்டமும் ரோஷ்ணியும் ஒரே ஆண்டில் வந்தவை. சட்டம் மாநிலம் முழுதும் ஓடுகிறது. ரோஷ்ணியோ மாவட்ட ஆட்சியரின் அக்கறையாலும் வெளியார் நிதியாலும் நடந்த முயற்சி. கட்டாயம் சட்டமாக வருகிறது. அதை நிறைவேற்றும் கருவி கருணையாக வருகிறது. கட்டாயப் பாடங்களின் பெரிய கோளாறு இதுதான் என்பது என் எண்ணம். மாணவனைக் கட்டும் கயிற்றின் மறுமுனை அரசைக் கட்ட வேண்டும். பெரும்பாலும் அந்த முனை காற்றில் ஆடுகிறது.

மறுமுனையும் கட்டப்பட்டதற்கு ஒரு நல்ல சான்று கேரளத்திலேயே உண்டு. தகவல் தொழில்நுட்பத்தைப் பள்ளிப் பாடமாக்க 2001-02இல் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் தொடங்கியது. 2003இல் எட்டாம் வகுப்பு, 2005இல் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் கட்டாயப் பாடம். அப்போது இதைக் கிண்டல் செய்தவர்கள் பலர். கணினியே இல்லாத பள்ளிகள் ஏராளம். கற்பிக்கத் தனி ஆசிரியர் கிடையாது. இன்றும் உயர்நிலைப் பள்ளியில் அதற்கென்று தனிப் பணியிடம் இல்லை. மலையாள ஆசிரியையும் இயற்பியல் ஆசிரியரும்தான் பயிற்சி பெற்று நடத்துகிறார்கள். பிறகு ஏன் வென்றது? பள்ளிக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர் நியமிக்கப்பட்டார். ஆசிரியர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி நடந்தது. உரிமக் கட்டணம் கேட்கும் மென்பொருளை விலக்கிக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியதால் செலவு கட்டுக்குள் நின்றது. ஆசிரியர்களே பாட மென்பொருளைத் திருத்தி எழுதவும் முடிந்தது. கணினி முன் உட்கார்ந்து செய்து காட்டும் செய்முறைத் தேர்வு வந்தது. தேர்வு உண்மையானதால் ஆய்வகம் இல்லாத பள்ளியின் பெற்றோர் கேள்வி கேட்டார்கள். சட்டமன்ற உறுப்பினர்கள் தங்கள் நிதியிலிருந்து கணினி வாங்கிக் கொடுத்தார்கள். 2018இல் எட்டு முதல் பன்னிரண்டுவரை 45,000 வகுப்பறைகள் ‘ஹைடெக்’ ஆயின. 2025-26இல் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் ரோபாட்டிக்ஸ் பாடமாக வந்தபோது பெரிய கூச்சல் எழவில்லை என்றால், இருபது ஆண்டு அடித்தளம் இருந்ததால்தான்.

பக்கத்து வீட்டுக் கதையையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் சமச்சீர்க் கல்வி வந்தபோது ஆறு முதல் பத்துவரை கணினி அறிவியல் பாடநூல்கள் அச்சாயின. 2011இல் ஆட்சி மாறியது. சமச்சீர்க் கல்வியை நிறுத்திவைக்கும் முயற்சியை அந்த ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தடுத்தது. பொதுப் பாடத்திட்டம் பிழைத்தது, கணினிப் புத்தகங்கள் பிழைக்கவில்லை. கணினி அறிவியலில் பி.எட். முடித்தவர்கள் அன்று முதல் மனு கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். திட்டம் தீட்டியவர்களின் அறிவுக் கூர்மையில் இரு மாநிலங்களுக்கும் பெரிய வேறுபாடு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கேரளத்தில் அச்சகத்துக்கு முன்பே ஆய்வகமும் பயிற்சியும் கிளம்பிவிட்டன.

பாடத்தின் உள்ளடக்கம் பற்றிய சண்டைகளைச் சுருக்கமாகத் தாண்டிவிடலாம். நாளிதழ்கள் அவற்றுக்குப் போதிய இடம் கொடுத்திருக்கின்றன. 2008இல் கேரளத்தின் ஏழாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் ‘மதமில்லாத ஜீவன்’ என்றொரு பகுதி வந்தது. பிள்ளையைச் சேர்க்க வந்த பெற்றோர் மதம் என்ற இடத்தில் இல்லை என்று எழுதச் சொல்வதுதான் கதை. தெருவெல்லாம் போராட்டம். மலப்புரம் மாவட்டத்தில் ஆசிரியர் கூட்டம் நடந்த இடத்தில் தாக்கப்பட்டு ஒரு தலைமையாசிரியர் உயிரிழந்தார். பாடநூல் திருத்தப்பட்டது. 2023இல் திசை வேறு. முகலாயர் வரலாறும் காந்தி கொலையின் பின்னணியும் என்.சி.இ.ஆர்.டி. நூல்களிலிருந்து வெட்டப்பட்டபோது, கேரளம் அப்பகுதிகளைத் துணைப் பாடநூலாக அச்சிட்டு மேல்நிலை வகுப்புகளுக்குக் கொடுத்தது. எந்தப் பக்கம் பேசினாலும் ஒன்று உண்மை. பாடத்தில் என்ன இருக்கவேண்டும் என்பதற்கு உயிரைக் கொடுக்கவும் எடுக்கவும் ஆள் உண்டு. அந்தப் பாடத்தை நடத்த வாரம் எத்தனை பீரியட், யார் நடத்துவார் என்பதற்காக யாரும் சாலை மறியல் செய்வதில்லை.

நீதிமன்றமே ஒரு கட்டாயப் பாடத்தை உண்டாக்கியதும் நம் நாட்டில் நடந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கல்வியின் எல்லா நிலைகளிலும் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. பன்னிரண்டு ஆண்டுகள் அந்த ஆணை கோப்பில் தூங்கியது. 2003 டிசம்பரில் நீதிமன்றம் மறுபடி அதட்டிய பிறகுதான் பல்கலைக்கழக மானியக் குழு இளநிலைப் பட்டத்துக்கு ஆறு மாதப் பாடம் ஒன்றை வகுத்தது. எட்டு அலகு, 50 வகுப்பு. எட்டாவது அலகு களப்பணி: பக்கத்திலுள்ள ஆறு, குளம், காடு, மாசுபட்ட இடம் ஒன்றைப் போய்ப் பார்த்துப் பதிவு செய்யவேண்டும், அதற்கு 25 மதிப்பெண். படிக்கும்போது நல்ல திட்டமாகவே தெரியும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இது ‘பார்ட் நான்கு’ என்ற பொட்டலத்துக்குள் போனது. எந்தத் துறைக்கும் சொந்தமில்லாத பாடம். ஆகவே அந்த ஆண்டு யாருக்கு மணிநேரம் குறைகிறதோ அவர் எடுப்பார். வணிகவியல் ஆசிரியர் உயிர்ப்பன்மை நடத்துவார். எட்டாவது அலகு ஒரு ரெக்கார்டு நோட்டாக முடியும். அந்த நோட்டு மூத்த மாணவரிடமிருந்து இளையவருக்குப் போகும். இருபதாண்டு பட்டதாரிகள் அத்தனை பேரும் சுற்றுச்சூழல் படித்தவர்கள். சான்றிதழில் அப்படித்தான் இருக்கிறது.

இடக்கொச்சிக்கு இது மிக அருகில் வந்த விஷயம். கேரள கிரிக்கெட் சங்கம் இங்கே ஒரு பன்னாட்டு விளையாட்டரங்கம் கட்டத் திட்டமிட்டது. தேர்ந்த இடமோ கண்டல் காட்டையும் கடலோர ஒழுங்குமுறை எல்லையையும் தொட்டது. அலையாத்தி மரங்கள் வெட்டப்பட்டதாகப் புகார் எழுந்தது, மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் தலையிட்டது, திட்டம் நின்றது. கடலோர ஒழுங்குமுறை என்பது என்ன, கண்டல் வேர் என்ன செய்கிறது, ஊருக்கு விளையாட்டரங்கம் வருவதை விரும்பிய இளைஞர்கள் ஏன் தவறில்லை என்பதையெல்லாம் சேர்த்து நடத்த இதைவிடச் சிறந்த எட்டாவது அலகு எந்த ஊருக்குக் கிடைக்கும்?

இப்போது கல்லூரிக்கு முழுமையாக வருவோம். பதினைந்து ஆண்டு இடைவெளியில் கேரள மாணவர்கள் இருமுறை தலைகீழ் மாற்றத்தைச் சந்தித்தார்கள். முதலாவது, 2009இல் வந்த தெரிவுசார் செமஸ்டர் முறை. பி.ஏ., பி.எஸ்சி. வகுப்புகளில் மொத்தம் 120 கிரெடிட். அதில் ஆங்கிலத்துக்கு 22, இரண்டாம் மொழிக்கு 16, ஆக 38 கிரெடிட் எல்லாருக்கும் பொதுவான மொழிப் பாடம். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இரண்டாவது, 2024 ஜூலை முதல் நாள் ‘விஞ்ஞானோத்சவம்’ என்று கொண்டாட்டமாகத் தொடங்கிய நான்காண்டு இளநிலைப் படிப்பு. மூன்றாண்டில் வெளியேறுபவருக்கு 133 கிரெடிட். நான்காண்டு ஆனர்ஸுக்கு 177. மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட சட்டகம் 120, 160 என்று சொல்ல, கேரளம் தன் வழியில் கொஞ்சம் கூட்டிக்கொண்டது. பழைய ‘காமன் கோர்ஸ்’ போய் ஏ.இ.சி., எம்.டி.சி., வி.ஏ.சி., எஸ்.இ.சி. என்று ஓர் எழுத்துக் கூட்டம் வந்தது: மொழித் திறன், பிறதுறை அறிமுகம், விழுமியம், தொழில்திறன். மொழித் திறனுக்கென்று நேரடியாக ஒதுக்கியது 12 கிரெடிட் அளவுதான்.

38இலிருந்து 12. மொழித் துறைகளில் இது நிலநடுக்கம். ஓர் ஆசிரியர் பணியிடத்துக்கு வாரம் 16 மணிநேர வகுப்பு வேண்டும் என்று 2020இல் கேரள அரசு வரையறுத்திருந்தது. முதுநிலை வகுப்புக்கு ஒன்றரை மடங்காக மணியைக் கணக்கிடும் சலுகையும் அப்போதே போனது. ஆகவே கிரெடிட் குறைந்தால் மணி குறையும். மணி குறைந்தால் பணியிடம் குறையும். மலையாளமும் இந்தியும் சமஸ்கிருதமும் நடத்தும் ஆசிரியர்கள் எம்.டி.சி.யிலும் வி.ஏ.சி.யிலும் இடம் தேடினார்கள். மொழித் துறை சார்பில் ‘சினிமாவும் இலக்கியமும்’ போன்ற தலைப்புகள் கிளம்பியதற்கு இலக்கியக் கொள்கை காரணம் என்று நினைப்பவர்கள் கல்லூரி அலுவலகத்தின் பணிப்பளுப் படிவத்தைப் பார்த்ததில்லை. இதை ஏளனமாகச் சொல்லவில்லை. வேலை போகுமோ என்று பயப்படும் மனிதன் புதிய பாடம் எழுதுவதில் இழிவில்லை. சில நல்ல பாடங்கள் அப்படித்தான் பிறந்தன. ஆனால் பாடத்திட்டம் எப்படி உருவாகிறது என்று ஆராய்கிறவர் இந்த அறையைத் தாண்டிப் போக முடியாது. பாடத்திட்டக் குழு கூடும் மேசையில் மாணவரின் தேவைக்கு ஒரு நாற்காலி இருக்கும். ஆசிரியர் பணியிடத்துக்கு நான்கு நாற்காலிகள் இருக்கும்.

தெரிவு என்ற சொல்லுக்கும் இதே கதி. பிறதுறைப் பாடத்தை மாணவர் விரும்பித் தேர்ந்துகொள்ளலாம் என்கிறது விதி. முப்பது துறைகள் இருக்கும் பெரிய தன்னாட்சிக் கல்லூரியில் இதற்குப் பொருள் உண்டு. பத்துத் துறைகூட இல்லாத கரையோர உதவிபெறும் கல்லூரியில், கால அட்டவணை மோதாமல், இருக்கை வரம்பு தாண்டாமல், கெஸ்ட் ஆசிரியரின் நியமனம் வந்து சேர்ந்திருந்தால் கிடைப்பதுதான் தெரிவு. தத்துவமோ மானுடவியலோ வானியலோ படிக்க ஆசைப்படும் மாணவிக்கு அந்தத் துறையே அங்கே கிடையாது. விதிப்படி தெரிவு, நடப்பில் இன்னொரு கட்டாயம். நகரத்துப் பெரிய கல்லூரிக்கும் ஓரத்துச் சிறு கல்லூரிக்கும் இடையே இருந்த இடைவெளியைத் தெரிவுமுறை கூட்டத்தான் செய்யும் என்பது என் கணிப்பு. ஒரே பட்டம், ஒரே பல்கலைக்கழக முத்திரை, உள்ளே வேறு வேறு சரக்கு.

இதில் கேரளம் தனியாக இல்லை. டெல்லிப் பல்கலைக்கழகம் 2013இல் நான்காண்டுப் படிப்பைக் கொண்டுவந்தபோது 11 அடிப்படைப் பாடங்களை எல்லாருக்கும் கட்டாயமாக்கியது. கணித ஆனர்ஸ் மாணவனும் பள்ளிக் கணக்கையே மறுபடி உட்கார்ந்து கேட்டான். அடுத்த ஜூனில் திட்டமே சுருட்டப்பட்டது. அதற்கு நேர்மாறான துருவம் ஹார்வர்டு. 1869இல் தலைமையேற்ற சார்லஸ் எலியட் நாற்பது ஆண்டுகளில் கட்டாயங்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். நூற்றாண்டின் முடிவில் முதலாண்டு ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி தவிர அநேகமாக ஒன்றும் மிச்சமில்லை. அவருக்கு அடுத்து வந்த லோவெல் 1909க்குப் பிறகு தடுப்புகளை மீண்டும் நட்டார். தமிழ்நாடு தன் ‘பார்ட் ஒன்று’ முதல் ‘பார்ட் ஐந்து’வரையான கட்டமைப்பை விட்டுக்கொடுக்காமல், 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் திறன் பாடங்களை அதன்மேல் ஏற்றியது. கட்டாயத்துக்கும் தெரிவுக்கும் இடையே ஊசல் ஆடுவது உலக வழக்கம். எந்தப் பக்கம் சரி என்று வாதிட்டுக் களைப்பதைவிட, ஒவ்வொரு பாடத்துக்கும் கீழே என்ன தாங்கல் இருக்கிறது என்று பார்ப்பது பயனுள்ளது.

அந்த வகையில் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் புதிய பாடத்திட்டத்தில் ஒரு சின்ன இடம் என்னைக் கவர்ந்தது. பாடங்களின் கடைசி அலகாக ‘ஆசிரியருக்குரிய உள்ளடக்கம்’ என்று ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். ஐந்தாவது மாட்யூல் என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். அதில் என்ன நடத்துவது என்பதை அந்தந்த ஆசிரியரே முடிவு செய்யலாம். வகுப்பு, செய்முறை, களப்பயணம் எதுவானாலும் சரி. மதிப்பீடும் கல்லூரிக்குள்ளேயே. கோழிக்கோடு பல்கலைக்கழகமும் இதேபோல ஒரு திறந்த அலகு வைத்திருக்கிறது. சேப்பாக்கத்திலிருந்து கோட்டயத்துக்கு வந்த அதிகாரம் முதன்முறையாக ஒரு விரற்கடை இறங்கி இடக்கொச்சி வகுப்பறைக்குள் எட்டிப் பார்க்கிறது.

இந்த ஊரில் அந்த அலகை நிரப்பப் பஞ்சமே இல்லை. விலங்கியல் வகுப்பு பொக்காளி வயலுக்குப் போகலாம். மழைக்காலத்தில் உப்பு கழுவிய மண்ணில் நெல்; அறுவடைக்குப் பின் தாளை அப்படியே அழுக விட்டு, ஓதத்தோடு வரும் இறால் குஞ்சுகளை மதகுவழி உள்ளே விட்டு ஏப்ரல்வரை வளர்ப்பது. உரமும் மருந்தும் வேண்டாத சுழற்சி. இறால் மட்டும் லாபம் என்று நெல்லை விட்டுவிட்டு ஆண்டு முழுதும் நீர் தேக்கும் குத்தகைதாரருக்கும், ‘ஒரு நெல், ஒரு மீன்’ என்று நிற்கும் விவசாயிக்கும் இடையிலான தகராறு பொருளியல் வகுப்புக்கு. நுண்ணுயிரியலுக்கு அரூர் ஆலைகளின் குளிர்ச் சங்கிலி. வணிகவியலுக்கு ஐரோப்பாவோ அமெரிக்காவோ ஒரு கண்டெய்னரைத் திருப்பி அனுப்பினால் இங்கே இறால் உரிக்கும் கொட்டகையில் யாருடைய கூலி குறைகிறது என்ற கணக்கு. வில்லிங்டன் தீவில் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. பனங்காட்டில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம்.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும், எழ வேண்டும். மீனவர் பிள்ளைக்கு மீனைப் பற்றியே பாடமா? 1953இல் ராஜாஜியின் ஆரம்பக் கல்வித் திட்டத்தில் அரைநாள் பள்ளி, அரைநாள் குடும்பத் தொழில் என்றபோது அதைக் குலக்கல்வி என்று பெயர்சூட்டி எதிர்த்து வென்றவர்கள் நாம். அந்த எச்சரிக்கை உணர்வைக் கைவிடக் கூடாது. கேரளத்தின் தொழிற்கல்வி மேல்நிலைப் பிரிவு இதற்கு ஒரு பாடம். 1983-84இல் 19 பள்ளிகளில் தொடங்கியது. கடல் மீன்பிடிப்பும் கடலுணவுப் பதப்படுத்தலும் அதில் ஒரு பிரிவு. மெரிட்டில் விரும்பிய குரூப் கிடைக்காத பிள்ளைகள் வந்து சேரும் இடமாகத் தொழிற்பிரிவு பல ஊர்களில் மாறியது. முடித்தவர்களில் பலர் பொதுப் பட்டப்படிப்புக்கே திரும்பினார்கள். எஸ்.எஸ்.எல்.சி. அட்டவணையின் முதல் மொழி இரண்டாம் பாகத்தில் இன்றும் ‘மீன்வள அறிவியல்’ என்று ஒரு தாள் இருக்கிறது, கடலோர மீன்வளத் தொழில்நுட்பப் பள்ளி மாணவர்களுக்காக. மற்றவர்கள் மலையாளம் எழுதும் நேரத்தில் அவர்கள் மீனைப் பற்றி எழுதுகிறார்கள். அப்படி ஒரு பிரிவினருக்கு மட்டும் ஒதுக்கும்போதுதான் அது குலத்தொழிலின் வாடை வீசுகிறது. பொக்காளி வயலை மருத்துவர் மகளும் வலைக்காரர் மகனும் சேர்ந்து படிக்கும்போது அந்த வாடை இல்லை. ஊர்ப் பாடம் எல்லாருக்கும் கட்டாயமானால் அது அறிவு. சிலருக்கு மட்டும் கட்டாயமானால் அது வேலி.

ஐந்தாவது மாட்யூலின் விதி எட்டாவது அலகின் விதியாக முடிவதற்கு எல்லா வாய்ப்பும் இருக்கிறது. செமஸ்டர் சுருங்கி, தேர்வு முந்தி, ஆசிரியருக்கு நான்கு வகைப் பாடங்களின் உள்மதிப்பீடு குவியும்போது முதலில் வெட்டுப்படுவது வெளித் தேர்வில் கேள்வி வராத பகுதிதான். ஆண்டுக்கு இருமுறை ஒரு பேருந்து வாடகை, களநாளுக்கு வகுப்பு மணியாகக் கணக்கு, நிரந்தர ஆசிரியர் நியமனம் ஆகிய இந்த மூன்றும் பல்கலைக்கழக விதிப்புத்தகத்தில் பாடத்தோடு ஒட்டி எழுதப்படாதவரை, அந்த அலகு நல்ல ஆசிரியரின் சொந்தச் செலவிலும் சோம்பேறி ஆசிரியரின் கற்பனையிலும் நடக்கும்.

2024இல் சேர்ந்த முதல் அணி 2027இல் மூன்றாமாண்டை முடிக்கிறது. 133 கிரெடிட்டோடு வெளியேறுவதா, 177க்கு இன்னோர் ஆண்டு இருப்பதா என்று ஒவ்வொருவரும் முடிவு செய்ய வேண்டும். நான்காம் ஆண்டு இருப்பவருக்கு முதுநிலை ஓராண்டில் முடியும். ஆய்வோடு கூடிய ஆனர்ஸ் வேண்டுமென்றால் முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் வேண்டும் என்கிறது மானியக் குழு, வழிகாட்டத் தகுதியுள்ள ஆசிரியரும் ஆய்வகமும் கல்லூரியில் இருக்க வேண்டும். சிறு கல்லூரியில் அவை இல்லாவிட்டால் மாணவி எர்ணாகுளத்திலோ தேவராவிலோ உள்ள பெரிய கல்லூரிக்கு இடம் மாற வேண்டும். அல்லது மூன்றாண்டோடு நிறுத்திக்கொண்டு பி.எட்.டுக்கோ வங்கித் தேர்வுக்கோ அரூர் ஆலையின் தரக்கட்டுப்பாட்டு மேசைக்கோ போக வேண்டும். நான்காம் ஆண்டுக்கான பணியிடங்கள் எப்போது, எத்தனை என்று கல்லூரி ஆசிரியர் சங்கங்கள் கேட்டுக்கொண்டிருக்கின்றன.